பின்தொடர்ந்தவருக்குத் தற்காப்பு உரிமை ஏது?

ஃபுளோரிடா மாநிலத்தின் சான்ஃபோர்ட் நகரில், ஆறு பெண்கள் கொண்ட ஜூரி 2013 ஜூலை 13 சனிக்கிழமை இரவு ஜார்ஜ் சிம்மர்மேனைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தது. இரண்டாம் நிலைக் கொலைக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. அதைவிடக் குறைந்த, கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றமும் நிற்கவில்லை. பதினேழு வயது டிரேவான் மார்ட்டினை நெஞ்சில் சுட்டுக் கொன்றவர் ஒரு நாள் தண்டனைகூட இல்லாமல் வீட்டுக்குப் போனார்.

அந்த ஜூரியைத் தூற்ற நாம் வரவில்லை. முதல் வாக்கெடுப்பில் மூவர் விடுதலைக்கும், இருவர் குறைந்த குற்றத்துக்கும், ஒருவர் கொலைக் குற்றத்துக்கும் வாக்களித்ததாக அவர்களில் ஒருவரே பின்னர் சொன்னார். பதினாறு மணி நேரம் விவாதித்துத்தான் ஆறு பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். இன்னொரு ஜூரி உறுப்பினர் தொலைக்காட்சியில் தோன்றி, சிம்மர்மேன் கொலை செய்துவிட்டுத் தப்பிவிட்டார் என்றும், சட்டத்தின்படி அவரைத் தண்டிக்கத் தங்களுக்கு வழி இருக்கவில்லை என்றும் வருந்தினார். தீர்ப்பளித்தவரே இப்படிச் சொல்லும் வழக்கில், தவறு தீர்ப்பளித்தவர்களிடம் மட்டும் இருக்க முடியாது. அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட சட்டத்தில் இருக்கிறது.

நம் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆபத்தைத் தேடிப் போனவர், அந்த ஆபத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் கொன்றேன் என்று சொல்வதை அறம் ஏற்காது. சிம்மர்மேன் டிரேவானின் சாவுக்குப் பொறுப்பாளி. அவருடைய வாதத்தைச் செல்லுபடியாக்கிய ஃபுளோரிடா சட்டமன்றமும் அந்தப் பொறுப்பில் பங்காளி.

2012 பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை மாலை. பக்கத்து ஊரான ஆர்லாண்டோவில் கூடைப்பந்து நட்சத்திரங்கள் மோதும் ஆண்டு ஆட்டம் நடக்கவிருந்தது. மயாமி கார்டன்ஸைச் சேர்ந்த டிரேவான் தந்தையுடன் சான்ஃபோர்டுக்கு வந்திருந்தான். தந்தை மணக்கவிருந்த பெண்ணின் வீடு, ‘ரிட்ரீட் அட் ட்வின் லேக்ஸ்’ என்ற, சுற்றுச்சுவரும் வாயிற்கதவும் உள்ள குடியிருப்பில் இருந்தது. அங்கிருந்து செவன்-இலெவன் கடைக்கு நடந்துபோய், ஒரு பொட்டலம் ஸ்கிட்டில்ஸ் மிட்டாயும் ஒரு கேன் பழச்சாறும் வாங்கிக்கொண்டு திரும்பினான். மழை தூறியது. தலையை மூடும் ஹூடி சட்டை அணிந்திருந்தான். தோழி ஒருத்தியுடன் கைபேசியில் பேசிக்கொண்டே நடந்தான். இவ்வளவுதான் அவன் செய்தவை.

இருபத்தெட்டு வயது சிம்மர்மேன் அந்தக் குடியிருப்பின் கண்காணிப்புக் குழுவை ஒருங்கிணைப்பவர். காரில் போய்க்கொண்டிருந்தவர் சிறுவனைப் பார்த்தார். காவல்துறைக்குப் போன் செய்தார். சந்தேகப்படும்படி ஒருவன் திரிகிறான், போதையில் இருப்பவன் போலத் தெரிகிறான் என்றார். இந்த மாதிரி ஆட்கள் எப்போதும் தப்பித்துவிடுகிறார்கள் என்று வசைச் சொல்லோடு அலுத்துக்கொண்டார். சிறுவன் ஓடுகிறான் என்றார். கார்க் கதவு திறக்கும் ஓசை பதிவாகியிருக்கிறது. அவனைப் பின்தொடர்கிறீர்களா என்று மறுமுனையில் இருந்தவர் கேட்டார். ஆம் என்றார். அது எங்களுக்குத் தேவையில்லை என்று அவர் சொன்னதும், சரி என்றார். சில நிமிடங்களில் ஒரே ஒரு குண்டு பாய்ந்தது. டிரேவான் விழுந்த இடத்துக்கும் அவன் போய்ச் சேர வேண்டிய வீட்டுக்கும் இடையே சுமார் எழுபது கெஜ தூரம்தான்.

தெருப் பெயர் தெரியாததால் அதைப் பார்க்கத்தான் காரை விட்டு இறங்கினேன் என்றார் சிம்மர்மேன். அந்தக் குடியிருப்பில் இருந்தவை மூன்றே தெருக்கள். அவற்றைக் கண்காணிப்பதை வேலையாக ஏற்றுக்கொண்டவர் அவர்.

இங்கே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் குடியிருப்பின் பயம் கட்டுக்கதை அல்ல. வீட்டு விலைகள் சரிந்து, சொந்தக்காரர்கள் பலர் வெளியேறி, வாடகைக்கு வந்துபோவோர் பெருகியிருந்த காலம் அது. முந்தைய ஆண்டில் பல வீடுகளில் திருட்டு நடந்திருந்தது. பட்டப்பகலில் இருவர் வீடு புகுந்தபோது, கைக்குழந்தையுடன் மாடி அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு நடுங்கிய ஒரு தாய், நீதிமன்றத்திலேயே அதை விவரித்தார். அப்படிப்பட்ட தாய்க்கு அக்கம்பக்கத்தார் துணை நிற்பது நல்ல செயல். அந்தக் குழு உருவாவதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்திருக்க முடியாது.

ஆனால் கண்காணிப்புக் குழு என்பதற்கு ஒரு வரம்பு உண்டு; அந்த வரம்பு அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேசிய ஷெரீஃப்கள் சங்கம் 1972-ல் இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோதே, குடிமக்கள் காவல்துறையின் கண்ணாகவும் காதாகவும் மட்டுமே இருக்க வேண்டும் என்றது. பார்க்கலாம், குறித்துக்கொள்ளலாம், போன் செய்யலாம். துரத்தக் கூடாது, மறிக்கக் கூடாது, ஆயுதம் ஏந்தக் கூடாது. சான்ஃபோர்ட் காவல்துறையின் தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர் இதே குடியிருப்புக்கு நேரில் வந்து வகுப்பு எடுத்தவர். பின்தொடராதீர்கள், எதிர்கொள்ளாதீர்கள் என்று சொல்லித்தந்ததாக அவர் சாட்சியம் அளித்தார். அன்றிரவு தாம் பணியில் இல்லை, கடைக்குப் போகும் வழியில் தற்செயலாகத்தான் பார்த்தேன் என்பது சிம்மர்மேன் தரப்பு. பணியில் இல்லாதவருக்கு அந்தச் சிறுவனைத் தொடர இன்னும் குறைவான காரணமே இருந்தது.

விசாரணை 2013 ஜூனில் தொடங்கியது. குண்டு பாய்வதற்கு முந்தைய சண்டையில் யார் மேலே, யார் கீழே என்பதிலேயே வாரக்கணக்கில் போயிற்று. சிம்மர்மேனின் மூக்கு காயப்பட்டிருந்தது. பின்தலையில் தோல் கிழிந்திருந்தது. இருண்ட உடை அணிந்தவர் மேலே இருந்ததைப் பார்த்ததாக அண்டை வீட்டுக்காரர் ஒருவர் சொன்னார். தடயவியல் நிபுணர் ஒருவர், குண்டு பாய்ந்த விதம் அதனோடு பொருந்துவதாகச் சொன்னார். இவற்றை நாம் மறைக்க விரும்பவில்லை. கடைசி நிமிடத்தில் டிரேவான் அவரைக் கீழே தள்ளி அடித்துக்கொண்டிருந்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நம் முடிவு மாறவில்லை.

அக்கம்பக்கத்தார் அவசர எண்ணுக்குப் பேசிய ஒரு பதிவில், பின்னணியில் யாரோ உதவி கேட்டு அலறுகிறார்கள். குண்டோசையோடு அந்த அலறல் நின்றுவிடுகிறது. டிரேவானின் தாய் சிப்ரினா ஃபுல்டன் சாட்சிக் கூண்டில் அதைக் கேட்டு, அது என் மகன் குரல் என்றார். சிம்மர்மேனின் தாயும் அதே கூண்டில் ஏறி, அது என் மகன் குரல் என்றார். குரல் யாருடையது என்று அறிவியல் சொல்ல முடியாது என்றார் எஃப்.பி.ஐ. நிபுணர். உயிரோடு இருந்தவர் தம் கதையைச் சொல்ல முடிந்தது. காவல்துறையிடம் விரிவாகச் சொல்லியும் இருந்தார். செத்தவனுக்குச் சொல்ல வாய் இல்லை. தற்காப்பு வழக்குகள் எல்லாவற்றிலும் உள்ள அநீதி இது. ஒரே நேரடிச் சாட்சியைக் கொன்றவரே எதிரியாக நிற்கும் வழக்கில், ஐயத்தின் பலன் முழுவதும் அவருக்கே போகிறது.

பிரதிவாதி வழக்கறிஞர் மார்க் ஓமேரா தம் இறுதி வாதத்தில் நான்கு நிமிடம் பேசாமல் நின்றார். டிரேவான் ஓடத் தொடங்கியதற்கும் கைகலப்புக்கும் இடையே அவ்வளவு அவகாசம் இருந்தது, அவன் வீட்டுக்கு ஓடியிருக்கலாமே என்று ஜூரிக்கு உணர்த்துவது அவர் நோக்கம். அதே நான்கு நிமிடம் சிம்மர்மேனுக்கும் இருந்தது. காருக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்ள அது போதும். காவல்துறை வந்துகொண்டிருந்தது, வரவழைத்தவரே அவர்தான். பதினேழு வயதுப் பிள்ளையிடம் ஏன் ஓடவில்லை என்று கேட்ட நீதிமன்றம், இடுப்பில் ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி செருகியிருந்த பெரியவரிடம் ஏன் திரும்பவில்லை என்று கேட்கவில்லை. கேட்காதபடி சட்டம் தடுத்தது.

எப்படித் தடுத்தது என்பதுதான் இந்த வழக்கின் மையம். ஃபுளோரிடா தண்டனைச் சட்டத்தில் 776.041 என்ற பிரிவு இருக்கிறது. சண்டையைத் தூண்டியவர், தப்பிக்க இருந்த எல்லா வழிகளையும் முயன்று பார்த்த பிறகே உயிர்பறிக்கும் பலத்தைக் கையாளலாம் என்கிறது அது. இதை ஜூரிக்கு விளக்குங்கள் என்று அரசுத் தரப்பு கேட்டது. பின்தொடர்வது சட்டப்படி குற்றமல்ல, அடிதடியோ மிரட்டலோ இருந்தால்தான் தூண்டுதல் ஆகும் என்று பிரதிவாதித் தரப்பு எதிர்த்தது. நீதிபதி டெப்ரா நெல்சன் அந்த விளக்கத்தைக் கொடுக்க மறுத்துவிட்டார். அதன் பிறகு ஜூரிக்குக் கிடைத்த வழிகாட்டுதலில், தான் இருக்க உரிமையுள்ள இடத்தில் இருந்த ஒருவர் பின்வாங்கக் கடமைப்பட்டவர் அல்ல, எதிர்த்து நிற்கலாம் என்ற வரி மட்டும் இருந்தது. கதையின் முதல் பாதி ஜூரியின் பார்வையிலிருந்து அகற்றப்பட்டது. இருட்டில் ஒரு சிறுவனை விடாமல் தொடர்ந்ததெல்லாம் சட்டத்தின் கணக்கில் வராமல் போய், கடைசி சில நொடிகள் மட்டுமே கணக்கில் வந்தன.

இந்த வழக்குக்கும், பின்வாங்காமல் எதிர்த்து நிற்கலாம் என்று சொல்லும் ‘ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட்’ சட்டத்துக்கும் தொடர்பில்லை, சிம்மர்மேன் அந்தச் சட்டம் தரும் முன்விசாரணைப் பாதுகாப்பைக் கேட்கவே இல்லை என்று பலர் வாதிட்டார்கள். இன்றும் வாதிடுகிறார்கள். முன்விசாரணையை அவர் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஜூரிக்குப் படித்துக் காட்டப்பட்ட வரி அந்தச் சட்டத்தின் வரி. அவரைக் கைது செய்யாததற்குச் சான்ஃபோர்ட் காவல்துறை காட்டிய காரணமும் தற்காப்புச் சட்டம்தான். ஆறு வாரங்களுக்கு மேல் அவர் சுதந்திரமாக இருந்தார். டிரேவானின் பெற்றோர் தெருவில் இறங்கி, நாடெங்கும் இளைஞர்கள் ஹூடி அணிந்து ஊர்வலம் போன பிறகே, சிறப்பு அரசு வழக்கறிஞர் ஏஞ்சலா கோரி ஏப்ரல் 11 அன்று குற்றம் சாட்டினார்.

பழைய ஆங்கிலப் பொதுச்சட்டம் இதில் தெளிவாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்து தாக்குபவனை எதிர்த்து நிற்கலாம். வீட்டிலிருந்து ஓடிப்போகச் சொல்வது நியாயமில்லை. பொது இடத்தில் கதை வேறு. பத்திரமாக விலக வழி இருந்தால் விலக வேண்டும். உயிரைப் பறிப்பது கடைசி வழி. மனித உயிர் ஒருவருடைய வீறாப்பைவிடப் பெரிது என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. அமெரிக்க மாநிலங்கள் பல இதிலிருந்து நெடுங்காலமாகவே விலகிவந்தன. ஆனால் 2005-ல் ஃபுளோரிடா செய்தது புது வகை. தேசியத் துப்பாக்கிச் சங்கம் முன்னின்று தள்ள, ஆளுநர் ஜெப் புஷ் கையெழுத்திட்ட அந்தச் சட்டம், பின்வாங்கும் கடமையைத் தெருவிலும் ரத்து செய்தது. சுட்டவருக்கு வழக்கிலிருந்தே விலக்கும் தந்தது. சில ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைப் பின்பற்றின.

விளைவு தெரிந்ததே. ஃபுளோரிடாவின் கொலை விகிதத்தை 1999 முதல் 2014 வரை ஆராய்ந்து, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் ஒன்று கட்டுரை வெளியிட்டது. சட்டம் வந்த பின் கொலைகள் 24 விழுக்காடும், துப்பாக்கிக் கொலைகள் 31 விழுக்காட்டுக்கு மேலும் அதிகரித்திருந்தன. அந்தக் காலத்தில் இந்தச் சட்டம் இல்லாதிருந்த நியூயார்க், நியூ ஜெர்ஸி, ஒஹையோ, வர்ஜீனியா மாநிலங்களில் அப்படி உயர்வு இல்லை. தம்பா பே டைம்ஸ் நாளிதழ் 2012-ல் சுமார் இருநூறு வழக்குகளைத் தேடி எடுத்துப் பார்த்தது. இந்தச் சட்டத்தைக் காட்டியவர்களில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டினர் விடுபட்டிருந்தார்கள். கொல்லப்பட்டவர் கறுப்பினத்தவராக இருந்தால் 73 விழுக்காட்டினர் தண்டனையின்றிப் போனார்கள். வெள்ளையராக இருந்தால் 59 விழுக்காட்டினர். சட்டத்தின் எழுத்தில் நிறம் இல்லை. யாரைப் பார்த்துப் பயப்படுவது நியாயமான பயம் என்று தீர்மானிக்கும் மனங்களில் நிறம் இருக்கிறது.

பலவீனர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இந்தச் சட்டம் வேண்டும் என்பார்கள். இதுவே ஆதரவாளர்களின் மிக வலுவான வாதம். அதற்கு ஃபுளோரிடாவே பதில் சொல்லியிருக்கிறது. ஜாக்சன்வில் நகரில் ஒரு கறுப்பினப் பெண், தன்னைத் துன்புறுத்திவந்த கணவரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை பெற்றிருந்தவர், 2010-ல் ஒரு சச்சரவின்போது சுவரை நோக்கிச் சுட்டார். யாருக்கும் காயம் இல்லை. அவர் கார்க் கொட்டகைக்குப் போய்த் துப்பாக்கியோடு திரும்பி வந்தார், எனவே உண்மையில் பயந்திருக்க முடியாது என்று நீதிபதி சட்ட விலக்கை மறுத்தார். அங்கே குழந்தைகள் நின்றதும் அவருக்கு எதிராயிற்று. ஜூரி பன்னிரண்டு நிமிடத்தில் முடிவெடுத்தது. 2012 மே மாதம் இருபது ஆண்டு சிறை. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, மறுவிசாரணைக்கு முன் உடன்பாடு ஏற்பட்டு, அவர் இறுதியாக வெளியே வர 2015 ஆனது. இரண்டு வழக்கிலும் அரசுத் தரப்பை நடத்தியது அதே ஏஞ்சலா கோரியின் அலுவலகம். தன் சொந்த வீட்டுக்குள் திரும்பி வந்த பெண்ணின் பயம் பொய் என்றானது. காரிலிருந்து இறங்கி அறியாத ஒருவனைத் தேடிப் போன ஆணின் பயம் நிஜம் என்றானது.

டிரேவானின் பக்கத்திலிருந்து அந்த இரவை யாரேனும் சட்ட மொழியில் எழுதிப் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாத ஆள் காரில் மெதுவாகத் தொடர்கிறான், ஓடினால் இறங்கி நடந்து தொடர்கிறான், இருட்டு, மழை. ஒருவன் என்னைத் தொடர்கிறான் என்று கைபேசியில் தோழியிடம் சொன்ன சிறுவன் அவன். தான் இருக்க உரிமையுள்ள நடைபாதையில் அவனும் நின்றான். பின்வாங்கத் தேவையில்லை என்ற உரிமை யாருக்காவது இருந்ததென்றால் அது அவனுக்குத்தான். தீர்ப்புக்கு ஆறு நாள் கழித்து அதிபர் பராக் ஒபாமா இதைத்தான் கேட்டார்: ஆயுதம் வைத்திருக்கும் வயதில் டிரேவான் இருந்திருந்தால், அதே நடைபாதையில் அவன் எதிர்த்து நின்று சுட்டிருப்பதை நாம் நியாயம் என்று ஏற்றிருப்போமா? முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் தாமே இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்தக் கேள்விக்கு ஃபுளோரிடா இன்றுவரை பதில் தரவில்லை. இருவருக்கும் ஒரே உரிமையைக் கொடுத்து, உயிரோடு எழுந்தவர் பக்கம் சாய்வது சட்டமாகாது.

சிம்மர்மேன் ஜாமீன் விசாரணையில் டிரேவானின் பெற்றோரிடம் வருத்தம் தெரிவித்தார். அது உண்மையான வருத்தமாக இருந்திருக்கலாம். மூன்று மாதம் கழித்துத் தொலைக்காட்சிப் பேட்டியில், காரை விட்டு இறங்கியதற்கு வருந்தவில்லை என்றும், நடந்தது கடவுளின் திட்டம் என்றும் சொன்னார். 2016-ல் அந்தத் துப்பாக்கியை ஏலத்தில் விட முன்வந்தார். தன்னைக் காத்துக்கொள்ள ஓர் உயிரை எடுக்க நேர்ந்த மனிதர் இதைச் செய்ய மாட்டார் என்றே நாம் கருதுகிறோம்.

மாற்றம் முடியாததல்ல என்பதற்குப் பக்கத்து மாநிலமான ஜார்ஜியா சான்று. 2020 பிப்ரவரி 23 அன்று, பிரன்ஸ்விக் அருகே ஒரு குடியிருப்புத் தெருவில் ஓட்டப்பயிற்சியில் இருந்த அஹ்மத் ஆர்பெரி என்ற இருபத்தைந்து வயது கறுப்பின இளைஞரை மூன்று வெள்ளையர்கள் வண்டிகளில் துரத்தி மறித்தார்கள். ஒருவர் சுட்டுக் கொன்றார். திருடன் என்று நினைத்தோம், துப்பாக்கியைப் பிடுங்க வந்தான், தற்காப்புக்காகச் சுட்டேன் என்ற அதே கதை. இங்கும் இரண்டு மாதங்களுக்கு மேல் கைது இல்லை. துரத்தியவர்களில் ஒருவரே எடுத்த காணொளி வெளியே வந்த பிறகு நிலைமை மாறியது. 2021 நவம்பரில் மூவரும் கொலைக் குற்றவாளிகள் ஆனார்கள். தீர்ப்புக்கு முன்பே, சாதாரணக் குடிமகன் இன்னொருவரைப் பிடித்துவைக்க அனுமதித்த 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஜார்ஜியா நீக்கியிருந்தது. குடியரசுக் கட்சி ஆளுநர்தான் கையெழுத்திட்டார். ஆனால் ஒரு பிள்ளையின் சாவுக்கு நீதி கிடைக்க, கொன்றவரின் கூட்டாளி காணொளி எடுத்திருக்க வேண்டும் என்ற நிலையை எந்த நாடும் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

ஃபுளோரிடா எதிர்த்திசையில் போனது. தீர்ப்புக்குப் பின் மாணவர்கள் டல்லஹாஸியில் சட்டமன்றக் கட்டடத்திலேயே ஒரு மாதம் தங்கிப் போராடினார்கள். சிறப்புக் கூட்டம் கூட்ட ஆளுநர் மறுத்தார். 2017-ல் சட்டம் மேலும் இளக்கப்பட்டது: விலக்கு கேட்பவர் அதை நிரூபிக்க வேண்டும் என்றிருந்தது மாறி, விலக்கு கூடாது என்று அரசுத் தரப்பே முன்விசாரணையில் நிரூபிக்க வேண்டியதாயிற்று.

இது தொலைதூரத்துக் கறுப்பர், வெள்ளையர் தகராறு என்று கருதும் நம்மவர்கள் உண்டு. அமெரிக்காவில் வாயிற்கதவுள்ள குடியிருப்புகளில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்கள் ஏராளம். அவர்களில் பலர் இன்று கண்காணிப்புக் குழுக்களிலும் தெருக் குழுமங்களிலும் இருப்பவர்கள். 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் நகரில், பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் குஜராத்திலிருந்து வந்து சில நாளே ஆன 57 வயதுப் பெரியவர் காலையில் நடைபயிற்சிக்குப் போனார். ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவன் வீடுகளை நோட்டம் விடுகிறான் என்று அண்டை வீட்டுக்காரர் ஒருவர் காவல்துறைக்குச் சொன்னார். வந்த காவலர் அவரைத் தரையில் வீசியதில் முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு உடல் ஓரளவு செயலிழந்தது. அந்தக் காவலரும் விடுவிக்கப்பட்டார். நடைபாதையில் போகும் நம் அப்பாவும் மாமனாரும் இன்னொருவர் கண்ணுக்குச் சந்தேக ஆள்தான். அதே நேரம், கதவு மணிக் கேமராவில் பதிந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் படத்தை எச்சரிக்கையாகக் குழுமத்தில் போடும் கை நம் கையாகவும் இருக்கிறது. ஓக்லாந்து நகரில் எழுந்த புகார்களுக்குப் பிறகு நெக்ஸ்ட்டோர் செயலி 2016-ல் தன் படிவத்தை மாற்றியது. இனத்தை மட்டும் குறிப்பிட்டு யாரையும் சந்தேக ஆள் என்று பதிவிட முடியாமல் போனது. அவர் என்ன செய்தார் என்று எழுத வேண்டியதாயிற்று. போன் எடுக்கும் முன் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. சிம்மர்மேனிடம் அதற்குப் பதில் இல்லை. மழையில் மெதுவாக நடந்தான் என்பதைத் தவிர டிரேவான் எதுவும் செய்திருக்கவில்லை.

டிரேவானின் தாய் 2013 அக்டோபரில் அமெரிக்க செனட் துணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்து, இந்தச் சட்டங்களைத் திருத்தும்படி கேட்டார். அவரும் அவர் கணவராக இருந்த டிரேசி மார்ட்டினும் மகனின் பெயரால் முன்வைத்த திருத்தம் எளிமையானது: ஒருவரைப் பின்தொடர்ந்தவரோ, மோதலைத் தொடங்கியவரோ பின்வாங்கத் தேவையில்லை என்ற பாதுகாப்பைக் கோர முடியாது. வீட்டுக்குள் தாக்கப்படுபவரின் உரிமையில் அது கை வைக்கவில்லை. உண்மையில் பயந்து பதுங்கும் எவருக்கும் அதனால் ஓர் இழப்பும் இல்லை. பின்தொடர்வது தூண்டுதல்தான் என்று 776.041-இல் ஒரு வரி சேர்த்தாலே அடுத்த ஜூரி அந்த இரவின் முழுக் கதையையும் எடைபோட முடியும். ஃபுளோரிடா சட்டமன்றம் அந்த வரியைச் சேர்க்க வேண்டும். அதே சட்டத்தைப் படியெடுத்த மற்ற மாநிலங்களும் சேர்க்க வேண்டும்.